பே, தால், லாம்

ஃபஹாஹீல் கடைத்தெரு, சலவைக்கடைக்கு மேல்மாடி.
கீழே இஸ்திரி ஓடும்போது
எங்கள் தரை வெதுவெதுக்கும்.

சனி முதல் வியாழன் வரை நான்
தட்டச்சுக் கடையில் விண்ணப்பம் நிரப்புகிறவன்.
இக்காமா புதுப்பிக்க, பெயர் திருத்த, முதலாளி மாற
தாளுக்கு முக்கால் தினார்.
வெள்ளி மாலை அதே தாள்களை
அவர்களே படிக்கச் சொல்லித் தருகிறவன்.
"சொந்தச் செலவில் சூனியம்" என்கிறான்
பக்கத்து மேஜை தனிஸ்லாஸ்.

முதல் மூன்று மாதம் நான் நடமாடும் அகராதி.
அகராதியையாவது மூடிவைக்கலாம்.
எனக்கு இரவு பதினொன்றுக்கும் படம் வரும்:
மருந்துப் புட்டி, போலீஸ் தாள்,
லிஃப்டில் ஒட்டிய அறிவிப்பு.
"சார், இதுல என்ன போட்டிருக்கு?"
சொல்லுவேன்.
சொல்வது எனக்குப் பிடித்திருந்தது,
அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் செபஸ்தியம்மா
ஒருநாள் ஒரு கதவு முன்
நாற்பது நிமிடம் நின்றிருக்கிறார், கையில் வாளியோடு.
கதவில் ஒரே சொல்.
நுழையாதே என்றிருந்தால் வேலை போய்விடும்.
என் போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.
அந்தச் சொல்லை நான் மூன்று முறை நடத்தியிருக்கிறேன்.
தள்ளு.

அதன்பின் பதில் சொல்வதை விட்டேன்.
"என்ன அர்த்தம்?" என்றால்
"எங்கே பார்த்தீங்க?
பக்கத்தில் என்ன படம்?
அதைப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்?
உங்களுக்கு என்ன தோணுது?"

வந்திறங்கிய நாளிலிருந்து
தோன்றுவதை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.
கோபம் வந்தது.
தண்ணீர் லாரி ஓட்டும் கோதண்டம்
"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க சார்" என்றார்.
இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.
ஒருவர் மட்டும் காரணம் சொன்னார்: வெயில்.
அது ஜனவரி.

அப்புறம் செபஸ்தியம்மா ஒரு சேதியோடு வந்தார்.
குழந்தைகள் வார்டில் ஒரு சிறுமி
வண்ணப் பென்சில்களைக் காட்டி
"லோன், லோன்" என்றாளாம்.
அப்படியானால் மேற்பார்வையாளர் தினமும் கேட்கும் ஷ்லோனிச்,
'உன் நிறம் என்ன'வா?
"ஒன்பது வருசமா நல்லாயிருக்கேன்னு சொன்னேன்.
கறுப்புன்னு ஒருநாள் சொல்லிப் பார்க்கவா?"
சிரித்து முடிக்க நேரமானது.
நான் எதையும் எழுதிப் போடவில்லை,
பலகை காலியாகவே இருந்தது.

கோதண்டம் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்த அன்று
என்னிடம் நீட்டவில்லை.
சேகனாவிடம் கொடுத்தார்.
சேகனா பகாலாவில் பால் அடுக்குகிறவன்,
சின்ன வயதில் ஓதியவன்,
எழுத்து வரும், பொருள் வராது.
"பே. தால். லாம். பதல்."
"பக்கத்துல?"
"சகன். அப்புறம் நாற்பது."
கோதண்டம் பேனா மூடியைக் கடித்தார்.
கம்பெனி தனக்கு ரூம் தருவதில்லை,
அதற்காக நாற்பது தினார் வருகிறது,
இது அவருக்குத் தெரியும்.
"பதல்... பதலா... ரூமுக்குப் பதிலா!
சார், நம்ம பதில்தானா இது?"

பதினோரு வருடமாக
அந்தச் சொல்லை அடித்துக்கொண்டிருக்கிறேன்,
எத்தனை ஆயிரம் தாளில்.
என் தமிழ் ஒரு அறையில், அரபி வேறொரு அறையில்,
நடுவில் கதவு.
"தெரியல" என்றேன்.
கோதண்டத்துக்கு அப்படியொரு சந்தோஷம்.

தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு இரவுகள் ஆயின.
அதற்குள் அவர்கள்
பாக்கியையும் வசூலையும் பிடித்துவிட்டார்கள்,
கூடவே ஒரு தப்பான சொல்லையும்.
அதற்காகச் சண்டை இன்னும் நடக்கிறது.

இந்த மாதம் ஏழு தாள் குறைந்தது.
தனிஸ்லாஸ் கணக்கு வைக்கிறான்.

போன வெள்ளி பஸ் பிந்தியது.
மாடி ஏறினால் கதவு சாத்தியிருந்தது,
உள்ளே சேகனாவின் குரல், மேலே செபஸ்தியம்மாவின் குரல்,
யாரோ மேஜையைத் தட்டுகிறார்கள்.
பலகையில் சுண்ணக்கட்டி கிறீச்சிட்டது.
நாற்பது நிமிடமெல்லாம் இல்லை.
ஆனாலும்
கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன்.